நியூட்ரான் அடியைத் தாங்குவது எந்த எஃகு?

10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, 55 மில்லிமீட்டர் நீளம், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். ஓர் உலோகம் அடியில் எவ்வளவு தாங்கி முறிகிறது என்று பார்க்கும் சார்பி சோதனையில், ஊசல் சுத்தியல் இதன் மேல்தான் வந்து இறங்கும். புது எஃகு வளைந்து, நார்நாராகக் கிழிந்து, மங்கலான முகத்தைக் காட்டும். அணு உலைக்குள் நியூட்ரான் அடி வாங்கிக் கிடந்த எஃகு சில சமயம் டக்கென்று இரண்டாகிவிடும். முறிந்த முகம் படிகம் படிகமாக மின்னும்.

காரணம் ஒன்றுதான். வேகமான நியூட்ரான் ஓர் அணுவை இடிக்க, அது பக்கத்தில் நூற்றுக்கணக்கான அணுக்களை இடம்பெயர்க்கிறது. பெரும்பாலானவை உடனே ஏதாவதொரு காலி இடத்தில் அமர்ந்துவிடும். அமராதவை கொத்துக்கொத்தாகச் சேர்ந்து உலோகத்தின் நெகிழ்வை மறிக்கும். எஃகு இறுகும், வளைய முடியாதது விரிசல் விடும்.

316 வகை ஆஸ்டெனைட் எஃகுக்கு (நிக்கல் நிறைந்த துருப்பிடிக்காத எஃகு) குளிரில் திடீரென நொறுங்கும் குணம் கிடையாது, அதுவரை நல்லது. ஆனால் அதில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல். மெதுவான நியூட்ரான்களை விழுங்கி நிக்கல் ஹீலியத்தைக் கக்கும். ஹீலியம் மணி எல்லைகளில், அதாவது எஃகின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், குமிழிகளாகக் கூடும். சூட்டில் எல்லைகளே பிரியும். வீக்கம் தனித் தொல்லை: உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உருவாகி எஃகு உப்பும். 1967இல் ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில், எரிபொருளை மூடும் உலோக உறையில்தான் இந்த நுண்வெற்றிடங்களை முதலில் கண்டார்கள். வீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே எஃகை நொறுங்க வைக்கும். டைட்டானியம் சேர்த்தால் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

9 முதல் 12 சதவீதம் குரோமியம் உள்ள ஃபெரிட்-மார்ட்டென்சைட் எஃகு வேறொரு படிக அமைப்பு கொண்டது; அதில் நிக்கல் மிகக் குறைவு. ஒவ்வோர் அணுவும் சராசரியாக நூறு முறை இடம்பெயர்ந்த பிறகும் வீக்கம் ஓரிரு சதவீதத்துக்குள் நிற்கும். அசாத்தியமான பொறுமை! இதன் பலவீனம் குளிர்ப் பக்கம். சுமார் 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நியூட்ரான் அடி வாங்கினால், நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல்கூட ஏறலாம். ஓடும்போது தெரியாது; உலையை ஆறவைத்துக் கையாளும்போதுதான் பயம். 550 டிகிரிக்கு மேலே வலுவும் தளரும்.

அதனால் வேகமான நியூட்ரான்களால் இயங்கும் வேக உலையில், எரிபொருள் கம்பிகளைக் கட்டாக அடக்கும் அறுகோண உறைக்குழாய்க்குக் குரோமிய எஃகையும், அதைவிடச் சூடேறும் எரிபொருள் உறைக்கு டைட்டானியம் கலந்த ஆஸ்டெனைட்டையும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் பழுதுபார்ப்பு. உலையின் மையத்தை அடக்கும் தடித்த அழுத்தக் கலனின் ஃபெரிட் எஃகை 450 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கி இறுக்கத்தைப் பெரும்பாலும் தளர்த்தலாம். ரஷ்ய வடிவமைப்பான விவிஇஆர்-440 வகை அழுத்தநீர் உலைகளில் செய்திருக்கிறார்கள். மணி எல்லையில் சேர்ந்த ஹீலியம் அப்படிப் போகாது. சூடாக்கினால் குமிழிதான் பெருக்கும்.