மழை ஜாக்கெட்: வருடக்கணக்கில் போட்டுப் பார்த்த பிறகு

புது மழை ஜாக்கெட்டை யாரும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் பட்டதும் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அதன் குணம் மூன்றாவது, நான்காவது மழைக்காலத்தில்தான் தெரியும். குளிரிலும் விடாத மழையிலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இரண்டு ஜாக்கெட்டுகளை நன்றாக உழைக்க வைத்திருக்கிறேன்.

முதலாவது, இரண்டரை அடுக்கு வகை. வெளித்துணி, அதன் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு, அதன்மேல் மெல்லிசாக ஓர் அச்சு. அந்த அச்சைத்தான் அரை அடுக்கு என்கிறார்கள். சுருட்டினால் பைக்குள் இடமே எடுக்காது. ஆனால் வியர்த்த கையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் நாளடைவில் சிதையும். என்னுடையதில் கழுத்துப் பக்கம் முதலில் பிசுபிசுத்தது, அப்புறம் வெள்ளைச் செதில்களாக உதிர ஆரம்பித்தது. தையல்மேல் ஒட்டியிருந்த டேப்பும் கூடவே கிளம்பியது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை.

இப்போது போடுவது மூன்று அடுக்கு, கோர்-டெக்ஸ்: வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. நான்ஸ்டிக் பாத்திரத்தில் பூசும் அதே டெஃப்ளான் குடும்பத்துப் பொருளை 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க, அது கிழியாமல் நுண்துளைகளோடு விரிந்தது. அந்தச் சவ்வு பிறந்தது அப்படித்தான். மழைத்துளி நுழைய முடியாத அந்தத் துளைகள் வழியே வியர்வையின் ஆவி வெளியேறும். இப்படிக் கேட்டால் மாயம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் ஆவி வெளியே போகும். கதகதப்பான மழையில் எவ்வளவு உசத்தியான சவ்வும் பாதி வேலையைத்தான் செய்யும். அதனால் நான் முதலில் பார்ப்பது அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா என்பதைத்தான். மேடு ஏறும்போது அதைத் திறந்துவிட்டால் கிடைக்கும் சுகத்தை எந்தத் துணியும் தராது.

லேபிளில் 10,000, 20,000 என்று போட்டிருப்பது நீர்த்தம்பத்தின் உயரம், மில்லிமீட்டரில். துணிமேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பது 10,000-க்கு அர்த்தம். சாதாரண நடைக்கு அதுவே தாராளம். கனமான பையின் வார் அழுத்துகிற தோளுக்கும், ஈரத்தரையில் ஊன்றும் முழங்காலுக்கும்தான் அதற்கு மேல் தேவைப்படும். வியர்வை ஆவியை எவ்வளவு வெளியே விடும் என்று போடும் எண்ணை நான் கண்டுகொள்வதில்லை. அதை அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

‘ரெண்டு வருஷத்துலேயே ஒழுக ஆரம்பிச்சிடுச்சு’ என்று பலர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது ஒழுகலே இல்லை. தண்ணீரை உருட்டிவிடும் மேற்பூச்சு, வார் உரசும் தோளில் முதலில் தேயும். அங்கே வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துப் போகும். ஆவி வெளியேற வழியில்லாமல் நம் வியர்வையே உள்ளே நீராகித் தங்கும். எண்ணெய்ப்பிசுக்கும் அழுக்கும் சேர்ந்தாலும் இதே கதைதான். துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து துவைக்காமலே வைத்திருப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மென்மையான திரவ சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் சுழலவிடுங்கள். தோளில் மறுபடி முத்து உருளும். உருளாவிட்டால் மேற்பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் மட்டும் கூடவே கூடாது. ஃப்ளோரின் இல்லாத புதுப் பூச்சுகளுக்கு எண்ணெய்ப்பிசுக்கு சுத்தமாக ஆகாது. அவற்றை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதும் பாதி விஷயம். பருத்தி பனியன் நனைந்தால் காயவே காயாது, நின்ற இடத்தில் நடுக்கும். மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் அடிக்காது. ஆனால் சீக்கிரம் ஓட்டை விழும். பாலியஸ்டர் சட்டென்று காயும், நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை. அதற்கு மேல் ஒரு மெல்லிய ஃப்ளீஸ், அதாவது மொசுமொசுவென்ற செயற்கை இழைச் சட்டை. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் வறண்ட குளிருக்கு ராஜா, நனைந்தால் இறகு சப்பிப் போய்ச் சூடும் போய்விடும். மழை கலந்த குளிருக்குச் செயற்கைப் பஞ்சு வைத்ததே மேல்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஃப்ளீஸோடு போட்டு, இரண்டு கைகளையும் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் வேண்டாம். தலைமூடியை இழுத்துவிட்டு இடமும் வலமும் திரும்புங்கள். அது கூடவே திரும்பாமல் முகத்தை மறைத்தால் சாலையைக் கடக்கும்போது ஆபத்து. பின்னந்தலையில் இறுக்கும் கயிறும், முன்னால் கொஞ்சம் விறைப்பான விளிம்பும் அவசியம். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டி நன்றாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கையைத் தூக்கினால் தண்ணீர் முழங்கைவரை ஓடும்.

மழை பேன்ட்டும் வாங்கிவிடுங்கள். ஜாக்கெட்டில் வழியும் தண்ணீர் மொத்தமும் தொடையில்தான் இறங்கும். கணுக்காலில் நீளமான ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம். அப்புறம் நிறம்: அடுத்த முறை கறுப்பு எடுக்கமாட்டேன், மழை இருட்டில் வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.