பனியிலும் பற்ற வேண்டும்: வெபர், நெப்போலியன், புரொயில் கிங் – எது தாங்கும்?

ஒன்ராறியோவில் பனி கரையும் முன்னரே கடைவாசல்களில் காஸ் பார்பிகியூ அடுப்புகள் வரிசைகட்டி நிற்கும். கோடையில் நாலு சனிக்கிழமை சுடுகிறவர் எதை வாங்கினாலும் காரியம் நடக்கும். தை மாதத்து −15 பாகை (செல்சியஸ்) குளிரிலும் டெக்கில் நின்று கோழி சுடப் போகிறவர் பார்க்க வேண்டியவை வேறு. அவருக்காக இங்கே நான்கு அடுப்புகள்: மூன்று பர்னர் வெபர் ஜெனிசிஸ், நெப்போலியன் பிரெஸ்டீஜ் 500, புரொயில் கிங் சிக்னெட், பிறகு பெருங்கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு அடுப்பு. வெபர் அமெரிக்கக் கம்பனி. மற்ற இரண்டும் நம் பக்கத்து ஊர்கள்தான். நெப்போலியன் பாரியில், புரொயில் கிங் வாட்டர்லூவில்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். வருடம் முழுக்க வெளியில் நிற்கும் அடுப்பின் ஆயுள் மூன்று விஷயங்களில் இருக்கிறது: அடுப்புப் பெட்டி எந்த உலோகம், பர்னர் எவ்வளவு தடிப்பு, பத்து வருடம் கழித்தும் உதிரிப்பாகம் கிடைக்குமா. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பி.டி.யூ. (வெப்ப அலகு) எண்ணுக்குக் கடைசி இடம்.

பி.டி.யூ. கணக்கு

ஜெனிசிஸின் பிரதான பர்னர்கள் மணிக்கு 39,000 பி.டி.யூ., சிக்னெட் 40,000, பிரெஸ்டீஜ் 500 நான்கு பர்னர்களில் 48,000. மலிவு அடுப்பின் பெட்டியில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். பக்க அடுப்பின் பி.டி.யூ.வையும் அதில் சேர்த்திருப்பார்கள், அதனால் பிரதான பர்னர்களின் எண்ணைத் தனியாகத் தேடிப் பாருங்கள். அதைச் சுடும் பரப்பால் வகுத்தால்தான் ஏதாவது விளங்கும். ஜெனிசிஸின் 513 சதுர அங்குலத்துக்குச் சதுர அங்குலம் ஒன்றுக்கு 76 பி.டி.யூ. வருகிறது, பிரெஸ்டீஜின் 500 சதுர அங்குலத்துக்கு 96. இரண்டுமே தாராளம்.

குளிர் இதில் எவ்வளவு கடிக்கும்? உள்ளே 230 பாகை வேண்டும் என்று வையுங்கள். வெளியே 25 என்றால் வித்தியாசம் 205, வெளியே −20 என்றால் 250. வெப்ப இழப்பு ஏறத்தாழ அந்த வித்தியாசத்தோடு கூடும், ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அதிகம் எரிய வேண்டும். நல்ல அடுப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆளைக் கொல்வது காற்றுத்தான். மூடி பொருந்தாமல் பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் 60,000 பி.டி.யூ. இருந்தும் பயனில்லை, எரித்த சூடெல்லாம் அயல்வீட்டுக்குப் போகும். கடையில் மூடியை மூடி, கைபிடியின் இரு முனையையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடுத்ததற்குப் போங்கள். மலிவு அடுப்புகளில் பெரும்பாலானவை ஆடும்.

பெட்டி

ஜெனிசிஸ், சிக்னெட் இரண்டிலும் பெட்டி வார்ப்பு அலுமினியம். அது துருப்பிடிக்காது, வெள்ளைப் படிவு வரும், சுரண்டினால் போய்விடும். மலிவு அடுப்பில் வண்ணம் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. அது போகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: கொழுப்பு வடியும் துளையைச் சுற்றியுள்ள மடிப்பும் அடிமூலை ஸ்குரூக்களும். கரைந்த பனிநீர், மசாலா உப்பு, கொழுப்பு மூன்றும் அங்கே தேங்கும். முதல் குளிர்காலத்தில் வண்ணம் குமிழிடும், இரண்டாவதில் தகடு உதிரும், பிறகு பர்னரைத் தாங்கும் கொக்கியே கழன்றுவிடும். அதற்குப் பின் பாகம் மாற்றுவதில் அர்த்தமில்லை.

கையோடு ஒரு காந்தம் கொண்டு போங்கள். பெட்டியில் ஒட்டினால் அது எஃகு. வெளித்தகடு ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் காந்தம் பலமாக ஒட்டினால் அது 430 ரகம். அதில் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. வீதிக்கு உப்புப் போடும் ஊரில் தேநீர்க் கறைபோலப் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 304 ரகத்தில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும். காந்தம் ஒட்டாது, அல்லது வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கும். ஆனால் காந்தத்தையே முழுதாக நம்ப முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. ஆகவே கையேட்டில் '304' என்ற எண் அச்சில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் 430 என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பளபளக்கும் மூடிக்கு மேலதிகமாகப் பல நூறு டாலர் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எனாமல் பூசிய கறுப்பு மூடி, தட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால், குளிரில் அதைவிட அழகாக நிற்கும்.

பர்னரும் அதன் மேல் தகடும்

முதலில் தேய்வது பர்னர்தான். வார்ப்பிரும்புப் பர்னர் உள்ளுக்குள் துருப்பிடித்துத் துளைகளை அடைக்கும். ஸ்டெயின்லெஸ் குழாய்ப் பர்னரே இப்போது வழக்கம். நல்லதில் சுவர் தடிப்பாக இருக்கும், மலிவானதில் சோடா டின் போலிருக்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே உலோகம் கிழிந்து ஒரே பெரிய சுடராக எரியத் தொடங்கினால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மேல் தகட்டில்தான் மூன்று கம்பனிகளும் மூன்று வழி. வெபர் 1985இல் முதல் ஜெனிசிஸோடு கொண்டுவந்த கவிழ்த்த 'வி' வடிவக் கம்பிகளை இன்றும் வைத்திருக்கிறது. கொழுப்பின் ஒரு பகுதி கம்பியில் விழுந்து ஆவியாகும், மிச்சம் இடைவெளி வழியே கீழ்த் தட்டுக்குப் போகும். புரொயில் கிங்கில் பர்னர் முழுவதையும் மூடும் அலை அலையான ஸ்டெயின்லெஸ் தகடு. நம் சமையலுக்கு இது நன்றாக ஒத்துவரும்: எண்ணெயும் தயிரும் மிளகாய்த்தூளும் பூசிய கோழித் தொடை சொட்டும்போது சொட்டு நெருப்பில் நேராக விழுவது குறைவு. நெப்போலியனிலும் ஸ்டெயின்லெஸ் தகடுகள்தாம். அதன் பலம் பற்றவைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சிறு சுடர் சீறிப் பாய்ந்து பர்னரைப் பற்றவைக்கும். பாட்டரி தேவையில்லை.

குளிரில் இது சின்ன விஷயமல்ல. மின்பொறி இக்னிட்டர்களில் பல ஒற்றை ஏஏ பாட்டரியில் ஓடுபவை. சாதாரண அல்கலைன் பாட்டரி −15இல் சோர்ந்துவிடும், மக்கள் இக்னிட்டர் பழுதென்று பாகம் தேடுவார்கள். லித்தியம் ஏஏ போட்டால் போதும். தவிர, தீக்குச்சி நுழைக்கும் துளை எங்கே என்று வாங்கும் நாளே பார்த்து வையுங்கள்.

கம்பித்தட்டு: எனாமல் பூசிய வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், இறைச்சியில் நல்ல கோடு விழும். எனாமல் சில்லு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். சூடான தட்டில் பனியோ தண்ணீரோ விழுவது அதற்கு ஆகாது. தடித்த ஸ்டெயின்லெஸ் கம்பி சற்று மெதுவாகச் சூடேறும், ஆனால் பராமரிப்பு ஏறக்குறைய இல்லை. வருடம் முழுக்க வெளியில் நிற்கும் அடுப்புக்கு எங்கள் தெரிவு ஸ்டெயின்லெஸ். சிக்னெட்டில் வருவது வார்ப்பிரும்பு, ஆகவே ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்து, சூடு முழுதாக ஆறும் முன் எண்ணெய் துடைக்க வேண்டும்.

பிரெஸ்டீஜ் 500இன் சில வடிவங்களில் பக்கத்தில் இன்ஃப்ராரெட் அடுப்பும் பின்னால் சுழற்கம்பிக்கு இன்னொன்றும் உண்டு. முழுக்கோழியைச் சுழற்றிச் சுடுவோருக்கு அது வரம். பக்க அடுப்பின் பீங்கான் ஓட்டில் மட்டும் பனி விழ விடாதீர்கள். நனைந்ததைச் சூடாக்கினால் வெடித்துப் பிளக்கும்.

அடுப்பைக் குற்றம் சொல்லும் முன் டாங்க்

புரொப்பேன் −42 பாகையில்தான் கொதிக்கும், அதனால் ரொறன்ரோக் குளிரில் வாயுவாவதில் தடையில்லை. பியூட்டேன் −0.5இல் நின்றுவிடும், மேசைமேல் வைக்கும் சிறு காஸ் அடுப்பு குளிரில் சதி செய்வது அதனால்தான். ஆனால் புரொப்பேனும் திரவத்திலிருந்து வாயுவாக மாறச் சூட்டை உறிஞ்சும். டாங்க் பாதிக்குக் கீழே இறங்கி, வெளியே −20 ஆக இருந்து, எல்லாப் பர்னரும் முழுதாக எரிந்தால் டாங்க் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் திரவ மட்டம் வரை வெண்பனி படியும், சுடர் தாழும். குளிர்காலத்தில் பாதி டாங்க்கோடு விருந்தைத் தொடங்கக் கூடாது.

20 பவுண்ட் டாங்க்கில் சுமார் 4,30,000 பி.டி.யூ. இருக்கிறது, 40,000இல் முழுதாக எரித்தால் பத்தே முக்கால் மணித்தியாலம். கழுத்துப் பட்டையில் TW என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெற்று எடை அடித்திருக்கும், பொதுவாக 17 பவுண்ட். குளியலறைத் தராசில் நிறுத்தி அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். மாற்றித் தரும் டாங்க்குகளில் பல முழு 20 பவுண்ட் இருக்காது, நிரப்பித் தரும் இடமே லாபம். கனடாவில் டாங்க்கைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்ய வேண்டும். திகதி கடந்ததை நிரப்ப மாட்டார்கள்.

'புது அடுப்பு, 120 பாகைக்கு மேல் ஏறவே இல்லை' என்ற முறைப்பாட்டுக்கு முக்கால்வாசி காரணம் ஒன்றே. டாங்க் வால்வைச் சடாரென்று திறந்தால், அல்லது குமிழ் திறந்திருக்க வால்வைத் திறந்தால், இணைப்பிலுள்ள பாதுகாப்புப் பொறி இது கசிவு என்று நினைத்துக் காஸைச் சொட்டுச் சொட்டாக விடும். குமிழ்கள் எல்லாவற்றையும் மூடுங்கள், டாங்க்கையும் மூடுங்கள், இணைப்பைக் கழற்றி இரண்டு நிமிடம் விட்டு மீண்டும் பூட்டுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெதுவாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து, பிறகே பற்றவையுங்கள். பற்றாவிட்டால் ஐந்து நிமிடம் காற்றோட விடுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதன் மூச்சுத் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். கரைந்த பனி அதில் உறைந்தால் அழுத்தம் தாறுமாறாகும். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் வாய்க்குழாயில் சிலந்தி வலை. அந்தக் காஸ் வாசனைக்குச் சிலந்தி தேடி வரும். மெல்லிய குழாய்த் தூரிகையால் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

நிலக் காஸா, புரொப்பேனா?

சொந்த வீடு, வெளிச்சுவரில் காஸ் இணைப்பு எடுக்க முடியும் என்றால் நிலக் காஸ். நள்ளிரவுப் பனியில் டாங்க் தீராது, மேலே சொன்ன டாங்க் குளிரும் சிக்கல் இல்லை. குழாய் வேலையை டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபை) பதிவுள்ள ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். வாங்கும்போதே நிலக் காஸ் வடிவத்தை வாங்குங்கள்: புரொப்பேன் 11 அங்குல நீர் அழுத்தத்தில் ஓடும், நிலக் காஸ் அதைவிடக் குறைவான அழுத்தத்தில், பர்னர்வாய்த் துளை அளவே வேறு. குழாயை மட்டும் மாற்றிக்கொடுப்பதாகச் சொல்லும் ஆளை நம்ப வேண்டாம்.

கொண்டோ பல்கனிக்கு, நிர்வாகத்தின் விதியைப் பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள். எந்த வீடானாலும் டாங்க் வால்வு, அதற்குக் கீழுள்ள கதவு யன்னலிலிருந்து கிடையாக ஒரு மீற்றர், காற்று உறிஞ்சும் துவாரத்திலிருந்து மூன்று மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். பனி கொட்டுகிறதென்று கராஜுக்குள் தள்ளி, கதவைத் திறந்துவிட்டுச் சுடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

வைக்கும் திசையும் முக்கியம். சூடு வெளியேறும் துவாரம் பின்பக்கம் இருக்கிறது. காற்று நேராக அங்கே அடித்தால் சூடு முன்பக்கம் திரும்பி, குமிழ்கள் உருகும். பக்கவாட்டுக் காற்றுப் படும்படி வையுங்கள். மூடியிலுள்ள வெப்பமானியைக் குளிரில் நம்பாதீர்கள். கோழித் துண்டின் நடுவில் 74 பாகை காட்டும் குத்து வெப்பமானிதான் சாட்சி.

யாருக்கு எது

பணம் எண்ணி வாங்குகிறவர், பெட்டி நீடிக்க வேண்டும் என்பவர்: சிக்னெட். பாகம் தேடி அலைய விருப்பமில்லாதவர்: ஜெனிசிஸ். பழைய ஜெனிசிஸ்களுக்குக்கூட வெபரும் வேறு கம்பனிகளும் பர்னரும் கம்பியும் விற்கிறார்கள். அடிக்கடி பெரிய கூட்டத்துக்குச் சுடுபவர், சுழற்கம்பி வேண்டுபவர், பின்சுவரோடு ஒட்டி வைக்க இடம் குறுகியவர்: பிரெஸ்டீஜ் 500. அதன் மூடி பின்னால் சாயாமல் உருண்டு மேலே போகும், ஆனாலும் எரியும் பொருளிலிருந்து கையேடு சொல்லும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். மலிவு அடுப்பை, வாடகை வீட்டில் இரண்டு வருடம் மட்டும் இருக்கப் போகிறவர் வாங்கலாம். நான்கு வருடத்துக்கு மேல் வைத்திருக்க நினைப்பவருக்கு அது இரண்டாம் தடவையும் வாங்க வேண்டிய அடுப்பு.

உத்தரவாதப் பத்திரத்தில் பெட்டிக்கு எத்தனை வருடம், பர்னருக்கு எத்தனை வருடம், துருவைச் சேர்த்திருக்கிறார்களா என்ற மூன்றையும் கடையிலேயே வாசியுங்கள். துருவுக்கு 'ஓட்டை விழுந்தால் மட்டும்' என்று போட்டிருப்பது வழக்கம். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டது ஐந்து வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.