ஆர்ப்ரோத் சீசன் டிக்கெட்: 2021-22 முழுக்க நின்று பார்த்த அனுபவம்

ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் கால்பந்து அணிக்கு அந்த சீசனில் 36 ஆட்டங்கள். தோற்றது ஐந்தே ஐந்து. இருந்தும் பட்டம் கிடைக்கவில்லை. பட்டம் வென்ற கில்மார்னக் அணிக்கு 67 புள்ளி, ஆர்ப்ரோத்துக்கு 65 புள்ளி. அந்த இரண்டு புள்ளி எங்கே போனது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் என்னால் ஒவ்வொரு டிராவாகச் சொல்ல முடியும். சொந்த ஊர் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நேரில் நின்று பார்த்தேன், மற்றவற்றை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்தேன். ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்புக்கு ஒரு சீசன் டிக்கெட் (ஒரு வருடத்தின் சொந்த ஊர் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட்) வாங்கினால் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது பக்கத்து நகரமான டண்டியில். அங்கேயே இரண்டு பெரிய அணிகள் இருக்கின்றன, இரண்டு மைதானமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். அந்த வருடம் இரண்டுமே மேல் லீகில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை விட்டுவிட்டு ரயிலேறி இருபது நிமிடம் கடலோரமாகப் போய் ஆர்ப்ரோத்தில் இறங்குவானேன்? உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் அந்த ஊர்க்காரர். "ஒரு ஆட்டம் வந்து பாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம்" என்றார். போனேன். அடுத்த வாரமே டிக்கெட் வாங்கிவிட்டேன்.

முதலில் மைதானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த டிக்கெட்டின் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. கேஃபீல்ட் பார்க் கடலை ஒட்டி இருக்கிறது என்று சொன்னால் போதாது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வட கடல். அலை ஏறும் நேரத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் உப்புத் தண்ணீர் சுவரைத் தாண்டி வந்து முகத்தில் தெறிக்கும். ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கைகள் உள்ள ஸ்டாண்ட். மற்ற மூன்று பக்கமும் படிக்கட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். நான் நிற்பவன்.

காற்று இங்கே பன்னிரண்டாவது ஆட்டக்காரன். ஒரு நாள் எதிரணி கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்து ஓங்கி உதைத்தார். பந்து மேலே போனது, நடுக்கோட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தது, அங்கே ஒரு கணம் நின்றது மாதிரி இருந்தது. அப்புறம் அப்படியே பின்னால் திரும்பி அவருடைய பெனால்டி கட்டத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. எங்கள் ஆள் ஒருவர் அதை எதிர்பார்த்து முன்கூட்டியே அங்கே போய் நின்றிருந்தார். தினமும் அந்தக் காற்றில் பழகியவர்களுக்குத்தான் அது தெரியும். அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்ப்பதற்கு முன்பு ஸ்டாண்ட் மேலிருக்கும் கொடியைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து வைக்காத ஆட்டங்களில் இடைவேளையின்போது மக்கள் இடம் மாறுகிறார்கள். முதல் பாதியில் நம் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நிற்பது. இடைவேளை விசில் அடித்ததும் கூட்டம் மொத்தமாக மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்முனைக்குப் போவது. முதல் நாள் இது தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், கையில் சூடான 'பை' (pie, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) வைத்திருந்தார், தோளைத் தட்டி, "தம்பி, இங்கேயே நின்றால் நம்ம கோலைப் பார்க்க முடியாது, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். எதிரே எதிரணி ரசிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடந்து போயின, சிலர் நின்று கை குலுக்கிக்கொண்டார்கள். பெரிய லீகில் இதைப் பார்க்க முடியாது. அந்தப் பெரியவர் பக்கத்தில்தான் சீசன் முழுக்க நின்றேன்.

ஆட்டத்தின் தரம் பற்றிக் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டங்கள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் ஐந்தாறு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பந்து அதிக நேரம் ஆகாயத்தில் இருக்கும். பாஸ்கள் தவறும். ஆனால் கொஞ்ச நாளில் வேறு ஒன்று புரிய ஆரம்பிக்கிறது. இந்த லீகில் பத்தே அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடு நான்கு முறை மோதும், உள்ளூரில் இரண்டு, வெளியூரில் இரண்டு. அதே ஒன்பது ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. ரெயித் ரோவர்ஸின் தடுப்பாட்டக்காரர் எந்தக் காலில் திரும்புவார், இன்வர்னெஸ் கார்னர் எடுக்கும்போது யாரைத் தேடும், மார்ட்டன் ஒரு கோல் அடித்துவிட்டால் எப்படி ஒடுங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் இரண்டாவது சந்திப்புக்குள் மனசில் பதிந்துவிடுகிறது. மூன்றாவது சந்திப்பில் போன தடவை பட்ட அடிக்கு ஒவ்வொரு மேனேஜரும் என்ன மருந்து கொண்டுவந்திருக்கிறார் என்று பார்க்கலாம். அந்தச் சுவை முழு சீசன் பார்ப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். எப்போதாவது ஒரு ஆட்டம் பார்த்தால் கிடைக்காது.

அந்த வருடம் ஆர்ப்ரோத் மட்டும்தான் லீகிலேயே பகுதிநேர அணி. ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். விங்கர் பாபி லின் குப்பை அள்ளும் வண்டியில் வேலை பார்த்தவர், வயது முப்பத்தைந்துக்கு மேல். எதிரே நிற்கிற கில்மார்னக்கோ 1993 முதல் 2021 வரை விடாமல் மேல் லீகில் இருந்துவிட்டு அப்போதுதான் கீழே இறங்கிய அணி, 1965-ல் ஸ்காட்லாந்தின் சாம்பியன். எங்கள் மேனேஜர் டிக் காம்பெல். 68 வயது, தலையில் எப்போதும் தட்டைத் தொப்பி, பக்கத்தில் உதவியாளராக அவருடைய இரட்டைச் சகோதரர் இயன். 2016-ல் நான்காம் நிலை லீகில் இருந்த அணியை எடுத்துக்கொண்டு, 2017-ல் அந்த லீகையும் 2019-ல் மூன்றாம் நிலை லீகையும் ஜெயித்து மேலே கொண்டுவந்தவர். இலையுதிர் காலத்தில் லிவிங்ஸ்டன் அணியிலிருந்து கடனாக (லோனில்) வந்த ஜோயல் நூபிள் முன்வரிசையில் பந்தை வாங்கி முதுகைக் காட்டி நின்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் பிடுங்க முடியாது. நடுக்களத்திலிருந்து மைக்கேல் மெக்கென்னா ஓடிவந்து கோல் அடித்துக்கொண்டே இருந்தார். புது வருடம் பிறந்தபோது பகுதிநேர அணி பட்டியலின் முதலிடத்தில். பட்டம் வாங்கினால் 1975-க்குப் பிறகு முதல் தடவையாக மேல் லீக். ஊரில் மீன் புகைபோடும் கடைகளில்கூட வேறு பேச்சு கிடையாது.

குறை சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. டிசம்பர் 26 முதல் மூன்று வாரம் கொரோனா காரணமாக வெளியரங்கில் 500 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஸ்காட்லாந்து அரசு உத்தரவு போட்டது. டிக்கெட் கையில் இருந்தும் வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்டேன். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பட்டியலின் உச்சியில் இருக்கும் அணியை விட்டு விலகி இருந்த அந்த வாரங்கள் கசந்தன. மழை நாளில் ரயில் ரத்தாகி ஒரு ஆட்டத்தின் முதல் பாதியைத் தவறவிட்டேன். வெளியூர் ஆட்டங்களுக்கு டிக்கெட் தனி. எதிரணி ஊர்களில் கர்கால்டி, டன்ஃபெர்ம்லின் இரண்டும் பக்கம்தான், போய் வந்துவிடலாம். டம்ஃப்ரீஸ் ஸ்காட்லாந்தின் தென்கோடியில், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சாப்பாட்டில் ஆட்டுக்கறிக் கொத்து வைத்த பை நன்றாக இருக்கிறது, உள்ளே கொதிக்கும், பொறுமையாகக் கடிக்க வேண்டும். போவ்ரில் என்று மாட்டிறைச்சிச் சாற்றில் ஒரு சூடான பானம் கொடுப்பார்கள். எனக்கு அது குடிக்கிற பொருளை விட கையைச் சூடேற்றும் பொருளாகத்தான் பயன்பட்டது.

ஜனவரியில் நூபிள் லிவிங்ஸ்டனுக்குத் திரும்பிப் போனார். அதே மாதம் கில்மார்னக் டெரெக் மெக்கின்னஸை மேனேஜராகக் கொண்டுவந்தது, முன்வரிசை ஆட்டக்காரர் கைல் லாஃபர்ட்டியையும் சேர்த்துக்கொண்டது. பிறகு எங்களுடைய ஆட்டங்கள் இறுகிப்போனதாக எனக்குப் பட்டது. அதிகம் தோற்கவில்லை. ஆனால் ஜெயிக்க வேண்டிய இடத்தில் டிரா. சீசன் முடிவில் எண்ணிப் பார்த்தால் 14 டிரா. ஒரு டிரா நடக்கும்போது அது சமாளித்த மாதிரிதான் தோன்றும். கை தட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போவோம். என் பக்கத்துப் பெரியவர் மட்டும் ஒவ்வொரு டிராவுக்குப் பிறகும், "இன்னும் இரண்டு புள்ளி போச்சு" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டுவார். அவர் கணக்கு அப்போது எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது.

ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை இரவு, கில்மார்னக்கில் ஆட்டம். அந்த லீகின் வெள்ளி இரவு ஆட்டங்களை அப்போது பிபிசி ஸ்காட்லாந்து தொலைக்காட்சி நேரடியாகக் காட்டிவந்தது. உடன் வேலை பார்ப்பவர் வீட்டில் பார்த்தோம். ஆர்ப்ரோத் முன்னிலையில் இருந்தது. யாரும் பேசவில்லை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் லாஃபர்ட்டி சமன் செய்தார். ஆட்டம் முடிகிற நேரத்தில் பிளேர் ஆல்ஸ்டன் இன்னொன்று அடித்தார். 2-1. ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே பட்டம் முடிவாகிவிட்டது. திரையில் ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் ஒரு வருடம் கஷ்டப்பட்டவர்கள்தான், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது ஆறுதலாக இல்லை.

இரண்டாமிடத்தில் முடித்த அணிக்கு மேல் லீகுக்குப் போக இன்னொரு வழி உண்டு. இரண்டு, மூன்று, நான்காம் இடத்து அணிகள் பிளே-ஆஃப் ஆடி, கடைசியில் மேல் லீகின் பதினோராம் இடத்து அணியோடு மோதலாம். மே மாதம் இன்வர்னெஸோடு இரண்டு ஆட்டம். இரண்டிலும் ஒரு கோல்கூட இல்லை. கேஃபீல்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் இன்வர்னெஸில் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். ஒன்பது பேரை எதிர்த்தும் எங்களால் ஒரு கோல் போட முடியவில்லை. பெனால்டியில் 5-3 என்று தோற்றோம். அந்த இன்வர்னெஸும் இறுதிச் சுற்றில் செயின்ட் ஜான்ஸ்டனிடம் தோற்றது. அன்று கேஃபீல்டில் பெனால்டிகள் முடிந்ததும் ஆர்ப்ரோத் ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் கலையவில்லை. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், அது நிற்கவே இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காக, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் கைதட்டியது. என் தொண்டை அடைத்துக்கொண்டது. பெரியவர் அழுதார், மறைக்கவில்லை.

அதற்குப் பிறகும் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த சீசன் மல்லுக்கட்டித் தப்பித்தோம். 2023 நவம்பரில் காம்பெல் விலகினார், 2024-ல் அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழே போனது. 2025-ல் மூன்றாம் நிலை லீகை ஜெயித்துத் திரும்பி வந்தது. நல்ல வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கீழே போன வருடத்திலும் இடைவேளையில் நடந்தோம், பை சாப்பிட்டோம், கொடியைப் பார்த்தோம்.

வாங்கலாமா என்று கேட்டால், வருடத்துக்கு மூன்று நான்கு ஆட்டம்தான் முடியும் என்பவர்கள் தனித்தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் வர முடியும் என்றால் சீசன் டிக்கெட்தான் சரி. காற்று புகாத மேல்கோட்டு, அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ். குடை வேண்டாம், முதல் காற்றிலேயே உடைந்துவிடும். டண்டியிலிருந்து வருபவர்கள் ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் மைதானம். இடைவேளை விசில் கேட்டதும் கூட்டத்தோடு நடந்துவிடுங்கள்.