கணக்குப் படிக்கிறவள் பார்த்த ஏதென்ஸ்: ஒரு பத்து வார இணையப் படிப்பு

பாடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடத்துகிற பேராசிரியரோ நல்ல மனுஷர். பழைய கிரேக்கத்தின் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிப் பத்து வாரத்துக்குப் பதிவுசெய்து வைத்திருக்கிற இணையப் படிப்பு. வாரத்துக்கு இரண்டு காணொளி, ஒரு வினாத்தாள், மூன்று வாரத்துக்கு ஒரு கட்டுரை. இதே மாதிரிப் படிப்புகள் இன்னும் பல இருக்கின்றன. எதில் சேர்வது என்று தேடுகிறவர்களுக்கு, உள்ளே போனதும் எதைப் பார்க்க வேண்டும் என்றாவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் படிப்பது கணக்கியல். வரலாற்றுக்கும் எனக்குமான உறவு பள்ளியோடு முடிந்துபோனது. விருப்பப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும், என் நேரத்துக்கு ஒத்துவந்தது இது ஒன்றுதான். கிரேக்கத்தின் மேல் எனக்கிருந்த காதல் அவ்வளவே.

முதல் மூன்று வாரம் தூக்கம்தான் வந்தது. கிரீட் தீவு, டிராய், ஹோமர், வரைபடம், மறுபடி வரைபடம். மூன்றாம் வாரக் கடைசியில் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோன் வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கி.மு. 594-இல் கடன்களை ரத்து செய்தவர், கடனுக்காக ஆளையே அடமானம் வைப்பதை ஒழித்தவர். குடிமக்களை விளைச்சலை வைத்து நான்கு அடுக்காகப் பிரித்திருக்கிறார்: ஆண்டுக்கு 500 படிக்கு மேல் விளைவிப்பவர் உச்சியில், அடுத்து 300, பிறகு 200, அதற்கும் கீழே கூலிக்காரர்கள். (படி என்பது என் வசதிக்கு. அவர்களுடைய மெதிம்னோஸ் ஒரு பெரிய மூட்டை அளவு.) குலப்பெருமை இருந்த இடத்தில் களஞ்சியம் வந்து உட்கார்ந்துவிட்டது. பேரேட்டில் எழுதத் தகுந்த முதல் விஷயம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

நான்காம் வாரம்தான் இந்தப் படிப்பின் உயிர். கி.மு. 508-இல் கிளெய்ஸ்தனிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர், அட்டிகாவின் (ஏதென்ஸும் அதைச் சுற்றிய நாடும்) 139 ஊர்களைக் கலைத்து அடுக்கிப் பத்துப் பிரிவுகளாக்கியதைப் பேராசிரியர் மூன்று நிறப் பென்சிலால் தாளில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் நகரத்துத் துண்டு ஒன்று, கடற்கரைத் துண்டு ஒன்று, உள்நாட்டுத் துண்டு ஒன்று. பெரிய வீட்டுக்காரன் தன் வட்டாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆடமுடியாது. பிரிவுக்கு 50 பேர் என்று 500 பேர் மன்றம். எல்லோரும் குலுக்கலில் வருகிறவர்கள், 30 வயது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு ஐம்பதும் ஆண்டில் பத்தில் ஒரு பங்குக் காலம் பொறுப்பில் இருக்கும். அந்த ஐம்பதிலிருந்து தினம் ஒருவர், அதுவும் குலுக்கலில், ஒரு இரவும் ஒரு பகலும் தலைவர். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில். மறுநாள் வேறு ஆள். ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவைதான்.

காணொளியை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு வருடத்தில் முந்நூற்றைம்பது பேருக்கு மேல் அந்தச் சாவியைப் பிடித்திருப்பார்கள். 500 பேரில் பெரும்பாலோர். சாவி நிலைக்காத கையில் திருட்டும் நிலைக்காது. எங்கள் வகுப்பில் 'உள்ளகக் கட்டுப்பாடு' என்று ஒரு முழு அலகே உண்டு, ஒருவரையும் இவ்வளவு பலமாகச் சந்தேகப்பட எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

தேர்தல் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது, ஓரமாக. படைத்தலைவர்கள் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் படைநிதிப் பொறுப்பாளர், நீரூற்றுகளைக் கவனிப்பவர் போன்ற சிலரும். திறமை இல்லாவிட்டால் ஊரே செத்துப்போகும் என்கிற வேலைக்கு மட்டும் தேர்தல். மற்றவற்றுக்குக் குலுக்கல். தேர்தல் சிலர் ஆட்சிக்குரியது, குலுக்கல்தான் மக்களாட்சிக்குரியது என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே கட்டிய பணம் செரித்தது.

அந்த வாரத்து வீட்டுப்பாடம் குலுக்கல் பொறி செய்வது. கிளெரோட்டீரியன் என்பார்கள், கல்பலகை, அதில் வரிசை வரிசையாகக் கீறல்கள். பெயர் பொறித்த வெண்கலச் சீட்டுகளைக் கீறல்களில் செருகுவார்கள். பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் இன்றைக்கு நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல, கறுப்பு விழுந்தால் வரிசை முழுவதும் வீட்டுக்கு. உடைந்த பொறி ஒன்று ஏதென்ஸில் அகோரா (பழைய சந்தைத் திடல்) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் செருப்பு அட்டைப்பெட்டி மூடியிலும் பேனா குழாயிலும் செய்தேன். குண்டுக்குப் பதில் கறுப்பு, வெள்ளை மொச்சை. மொச்சை குழாயில் சிக்கிக்கொண்டது. ஆனாலும் செய்து பார்த்ததால்தான் ஒன்று புரிந்தது: சீட்டைச் செருகுகிறவன் நினைத்தால் வேண்டியவர்களை ஒரே வரிசையில் போட்டுவிடலாமே? அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். செருகுகிறவனையே குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

ஆறாம் வாரம் தணிக்கை. எனக்காகவே வைத்த மாதிரி. பதவி முடிந்த ஒவ்வொருவரும் கணக்குக் காட்டியாக வேண்டும். குலுக்கலில் வந்த பத்துத் தணிக்கையாளர்கள் வரவு செலவைப் பார்ப்பார்கள். கட்டியக்காரன் எழுந்து, 'குற்றம் சாட்ட விரும்புகிறவர் யார்?' என்று கேட்பான். அது முடியும்வரை அந்த ஆள் ஊரைவிட்டுப் போக முடியாது, உயில் எழுத முடியாது, இன்னொரு குடும்பத்துக்குத் தத்துப் போகக்கூட முடியாது. தத்துப் போய்த் தப்பிக்கப் பார்த்தவன் எவனோ இருந்திருக்கிறான் போல.

இதற்கு நடுவில்தான் ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளிஸ். ஒருமுறை கணக்கில் பத்து டாலந்து வெள்ளியை, 'தேவையானதற்கு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாராம். மக்களும் ஏன் எதற்கென்று கேட்காமல் ஏற்றுக்கொண்டார்களாம். பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். ஸ்பார்ட்டாக்காரர்களுக்குக் கொடுத்த கையூட்டு அது என்பது கதை. ஒரு டாலந்து என்பது 6000 டிராக்மா, அதாவது அவர்களுடைய வெள்ளிக் காசு 6000. ஆக 60,000 டிராக்மாவுக்கு ஒரு சொல். 'பல்வகைச் செலவு' என்று எழுதி வாத்தியாரிடம் நான் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது.

இனி குறை. இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு பேராசிரியர் திரும்பத் திரும்ப மாமனிதர்கள் பக்கமே சாய்கிறார். உடைந்த பானை ஓட்டில் பெயர் எழுதிப் போட்டு ஆளை நாடுகடத்தும் முறை பற்றிய வகுப்பைப் பாருங்கள். 6000 ஓடு விழுந்தால் பத்தாண்டு வெளியே, சொத்து மட்டும் அவனுக்கே. எழுதத் தெரியாத ஒருவன், ஆள் யாரென்று தெரியாமல், அரிஸ்டைடிஸ் என்ற தலைவரிடமே பானை ஓட்டைக் கொடுத்து, அரிஸ்டைடிஸ் பெயரை எழுதித்தரச் சொன்ன கதையைப் பத்து நிமிடம் உருகி உருகிச் சொன்னார். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவுக் கிணற்றில் தெமிஸ்டொக்ளிஸ் என்ற இன்னொரு தலைவரின் பெயர் எழுதிய ஓடுகள் 190 கிடைத்ததையும், கையெழுத்தைப் பார்த்தால் 14 பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் கடந்துவிட்டார். அரசியல் அங்கேயல்லவா இருக்கிறது! முன்கூட்டியே எழுதிவைத்து, வருகிறவன் கையில் திணிக்க ஆள் இருந்திருக்கிறது.

மிட்டிலினி விவாதம் இன்னும் மோசம், ஏனென்றால் வகுப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. கி.மு. 427-இல் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்த மிட்டிலினி ஊரின் ஆண்களையெல்லாம் கொல்லச் சொல்லிக் கப்பல் அனுப்புகிறார்கள். மறுநாள் மனசு கேட்காமல் கூடிப் பேசித் தீர்மானத்தை மாற்றி இரண்டாவது கப்பலை விடுகிறார்கள். துடுப்புக்காரர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றுகொண்டே வலிக்கிறார்கள், முறைவைத்துத் தூங்குகிறார்கள், கடைசி நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது. அதோடு காணொளி முடிந்துவிட்டது. அப்புறம் மொழிபெயர்ப்பை எடுத்து, அந்தக் கால வரலாற்றை எழுதிய துசிடிடிஸைப் படித்தால், அடுத்த பத்தியிலேயே கலகத்தில் முன்னின்றவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரை ஏதென்ஸ் கொன்றதாக இருக்கிறது. அந்தப் பத்தியை ஏன் விழுங்கினார் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஸ்பார்ட்டாவுக்கு ஒதுக்கிய வாரத்தைத் தாராளமாகத் தாண்டலாம். ஈட்டி, கேடயம், வீரம். இரண்டு ராஜாக்கள் ஒரே நேரத்தில் எப்படிக் குப்பைகொட்டினார்கள், ஆண்டுக்கொருமுறை மாறுகிற எஃபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் அவர்களை எப்படி அடக்கினார்கள் என்பதெல்லாம் கடைசி எட்டு நிமிடத்தில்.

ஒன்பதாம் வாரத் தலைப்பு 'விடுபட்டவர்கள்'. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் மூவரையும் ஒரே காணொளியில் அடைத்திருக்கிறார். கி.மு. 451 சட்டப்படி அப்பா அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதாவது வாக்கில்லாத அம்மாவின் பிறப்பு மகனுடைய வாக்கைத் தீர்மானிக்கிறது. இதைப் பற்றிப் பேசவே ஒரு வாரம் போதாது. நான் வியந்துபோன ஆள் பாடத்தில் வரவேயில்லை, கூடுதல் வாசிப்புப் பட்டியலில்தான் இருந்தான்: சந்தையில் பண மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெள்ளிக் காசைச் சோதிக்கிற அரசு அடிமை. கி.மு. 375-ஐ ஒட்டிய சட்டம், கல்லில் வெட்டியது. அவன் நல்ல காசு என்றால் வியாபாரி வாங்கியே தீரவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்காக வெட்டிவிடுவான். வேலைக்கு வந்து உட்காராவிட்டால் அவனுக்கு 50 சவுக்கடி. ஊர்ப்பணம் செல்லுமா செல்லாதா என்று சொல்கிற ஆளுக்குச் சபையில் கைதூக்க உரிமை கிடையாது. இரண்டாவது கட்டுரையை இவனைப் பற்றித்தான் எழுதினேன். சக மாணவர்கள் திருத்துகிற முறை. 'முக்கியமான தலைவர்களின் பெயர்கள் குறைவு' என்று பத்துக்கு ஆறு வந்தது.

வினாத்தாள்களும் அந்த ரகம்தான். 'மக்களாட்சியின் தந்தை யார்?' நான்கு விடைகள், ஒன்றைத் தொடு. ஒரே ஆளிடம் எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று பொறி செய்து வைத்தவர்களுக்கு அப்பா தேடுகிறார்கள்.

ஒவ்வொரு காணொளியும் 70 நிமிடம் ஓடுகிறது. அகோராவில் கிடைத்த நீர்க்கடிகாரச் சட்டியில் தண்ணீர் வடிய ஆறு நிமிடம்தான். அதற்குள் வழக்காடி முடித்திருக்கிறான் ஒருவன். ஒலி சுத்தம். எழுத்துவரியில் பெயர்கள் கண்டபடி வருகின்றன, ஸ்பார்ட்டா வாரத்தில் அது சிரிப்புக்குக் கொஞ்சம் உதவியது.

நேரம் குறைவென்றால் 4, 6 இரண்டையும் முழுதாகப் பாருங்கள். மிட்டிலினி வகுப்பைப் பார்த்துவிட்டு அன்றே துசிடிடிஸின் மூன்றாம் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். கூடுதல் வாசிப்புப் பட்டியலை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சான்றிதழ் வேண்டுமென்றால் கடைசியில் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டேன். குறை எழுதும் கட்டம் 200 எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை, மிட்டிலினி பாதியிலேயே நின்றுவிட்டது. மீதிதான் இது.