சேசிஸுக்குள்ளே பேப்பர் இருந்தது, எஞ்சினுக்குத்தான் பேப்பர் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய லேண்ட் ரோவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியல் ஒன்றால் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். டிரைவர் சீட்டுக்குக் கீழே வந்தபோது 'தொப்' என்றது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. வெளியே இழுத்தால் நுனியில் சிங்களப் பத்திரிகை ஒன்றின் கிழிந்த துண்டு, லொத்தர் முடிவுகள் போடும் பக்கம். யாருக்கு விழுந்ததோ தெரியாது. எனக்கு விழவில்லை.

அந்த சேசிஸ் வேலைக்கு நான் கொடுத்தது 2 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. எஞ்சினுக்கும் அதை மாட்டுவதற்கும் தனியாக 6 இலட்சம். வெட்கத்தை விட்டு இதை எழுதுவதற்குக் காரணம், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது நிறையப் பேர் பழைய லேண்ட் ரோவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவைத்த காலத்தில் பழைய இரும்புக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. மவுசு வந்த இடத்துக்கு ஏமாற்றுகிற ஆட்களும் வருவார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1965 சீரிஸ் டூ ஏ, 88 அங்குல வீல்பேஸ், 2286 சிசி டீசல். ஹெட்லைட் இரண்டும் கிரில்லுக்குள்ளேயே இருக்கும் பழைய முகம். எங்கப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதை ஓட்டியவர். வெள்ளைக்காரக் கம்பனி காலத்தில் பெரிய தொரைக்கு ஓடி, 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு உரம், கொழுந்துச் சாக்கு, பிள்ளை பெறப் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டி. கடைசியில் ஏலத்தில் ஒரு கிளாக்கர் ஐயா எடுத்து, அவர் வீட்டு முற்றத்தில் ரப்பர் சீட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. 2021இல் நான் வாங்கினேன். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, போனட்டை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், எலக்ட்ரீஷியன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று அடித்து, மாலையிலும் போயா லீவிலும் நானே வேலை பார்த்தேன். பழைய வயரிங் முழுக்கப் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட வேண்டுமென்றால் அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். பிரேக்குக்கு ஒரே ஒரு லைன்தான் இருந்தது. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு வீலுக்கும் பிரேக் இல்லை. ரம்பொடை இறக்கத்தில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு இரண்டு தனி லைனுக்கான இரட்டை மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் சர்வோவும் போட்டேன். சாமான் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்று வீட்டுக்காரியிடம் கேட்டால் தேதியோடு சொல்லுவாள்.

என்னால் முடியாதவை இரண்டுதான். ஒன்று சேசிஸ் வெல்டிங், மற்றது எஞ்சின் மாற்றுவது. அந்த இரண்டிலும்தான் விழுந்தேன்.

லேண்ட் ரோவரின் பாடி அலுமினியக் கலவை. யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் வந்த பழக்கம் அது. அதனால் பாடி அறுபது வருஷம் கழித்தும் மினுமினுக்கும். ஏமாறுகிற இடம் அங்கேதான். சேசிஸ் இரும்பு, நான்கு தகடுகளைப் பெட்டி மாதிரி சேர்த்து வெல்ட் பண்ணியது. உள்ளே போகிற சேறும் தண்ணீரும் அங்கேயே தங்கி, உள்ளே இருந்து தின்றுகொண்டே வரும். தோட்டத்து வண்டி என்றால் இன்னும் மோசம். வருஷக்கணக்காக உரம் ஏற்றியிருப்பார்கள், அமோனியம் சல்பேட் சிந்தி நனைந்தால் இரும்புக்கு எமன். என் வண்டியில் பல்க்ஹெட்டை, அதாவது எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் சுவரை, தாங்கும் இரண்டு பக்கத்துக் கைகளும், பின் குறுக்குச் சட்டமும், டிரைவர் பக்கத்தில் இரண்டடி நீளமும் போயிருந்தன. அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கொடுத்தேன்.

இந்த இரண்டு வேலையையும் எடுத்த கராஜ் பாஸ் நல்ல பேச்சுக்காரர். ஊரும் பேரும் போடப்போவதில்லை, போட்டால் நாளைக்கு நான்தான் பொலிசுக்கு நடக்க வேண்டும். முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்து, கிரில்லைத் தடவி, "தம்பி, இது உங்க அப்பா ஓட்டுன வண்டியா? அப்ப இது எனக்கு வண்டி இல்ல, சாமி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு 3 இலட்சம் அட்வான்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கைக்காசு, பில் இல்லை. "நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு?"

சிவனொளிபாதமலை சீசன் முடிவதற்குள் தருவதாகச் சொன்னார். அதாவது வெசாக். கையில் கிடைத்தது தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். நடுவில் நான் போன ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். லேத் பாஸ் ஊருக்குப் போயிட்டார், கேஸ் சிலிண்டர் முடிஞ்சிருச்சு, மழை. ஒரு தடவைகூட பெயிண்ட் படாத வெறும் வெல்டிங்கை என் கண் பார்க்கவில்லை. கடைசியில் கூப்பிட்டுக் காட்டியபோது அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று அண்டர்சீல் என்கிற துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ஈரம் காயாமல் பளபளத்தது. "பாருங்க தம்பி, புதுசு!" நானும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். கறுப்புப் பெயிண்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், சேசிஸைப் பார்க்கவில்லை.

ஸ்குரூடிரைவர் உள்ளே போன அன்றைக்கு முழு அண்டர்சீலையும் சுரண்டினேன். துருவை வெட்டி எடுக்கவே இல்லை. ஓட்டைக்குள் பேப்பரைத் திணித்து, மேலே புட்டி பூசி, அதற்கும் மேல் கூரைத் தகரம் மாதிரி மெல்லிய தகட்டை அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் ஒட்டியிருக்கிறார். புட்டி இருக்கிற இடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. சேசிஸ் நம்பர் வலப்பக்க முன் ஸ்பிரிங் மாட்டுகிற தாங்கியில் குத்தியிருக்கும், அந்தப் பக்கம் கிரைண்டர் போகாதது என் குலதெய்வத்தின் புண்ணியம். அதைத் தேய்த்திருந்தால் வண்டியும் இல்லை, சீஆர் என்கிற பதிவுப் புத்தகமும் இல்லை.

எஞ்சின் கதை இதைவிடப் பெரியது.

பழைய டீசல் எஞ்சினுக்கு அறுபது சொச்சம் குதிரைச் சக்திதான். குளிர் காலையில் ஹீட்டர் பிளக் நான்கும் தொடராக இணைத்திருக்கும், ஒன்று எரிந்தால் நான்கும் செத்தது, திருவிழா சீரியல் லைட் மாதிரிதான். அதனால் இசுசு 4ஜேபி1 போடலாம் என்று முடிவெடுத்தேன். 2771 சிசி, டைமிங்குக்கு செயினும் இல்லை பெல்ட்டும் இல்லை, கியர். நம்ம நாட்டில் சாமான் கிடைக்கும். தேர்வில் பிழை இல்லை, இன்றைக்கும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்த எஞ்சினை லேண்ட் ரோவர் கியர்பொக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். எஞ்சினின் கிராங்க் நடுவும் கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து வளைந்து நிமிரும். லேத்தில் போட்டு, டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் செய்கிற வேலை அது. என் வண்டியில் இருந்தது கேஸால் வெட்டி, கிரைண்டரால் விளிம்பை மழித்த தகடு. இடம் விலகாமல் பிடிக்கும் டவல் பின் ஒன்றுகூட இல்லை, போல்ட் ஓட்டைகளை வட்ட அரத்தால் பெரிசாக்கி எப்படியோ உள்ளே தள்ளியிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே காசல்ரீ ஓரமாக நோர்வூட் பக்கம் போகும்போது நாற்பதில் ஒரு நடுக்கம் தெரிந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மகன், கிளச்ச மிதிச்சுப் பாரு" என்றார். மிதித்தால் நடுக்கம் நின்றது. "கியர்பொக்ஸ் அழுவுது" என்றார். படித்த மெக்கானிக் யாரும் சொல்லவில்லை, எழுபத்தெட்டு வயது டிரைவர் சொன்னார். நான் கேட்கவில்லை. புது எஞ்சின், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். மூன்றாவது மாதம் கிளச் பிளேட்டின் நடுக்குடம் பிய்ந்து, இன்புட் ஷாஃப்ட் பெயாரிங் தூளாகிப் போனது. இறக்கி அளந்தால் நடு ஒன்றரை மில்லிமீட்டர் விலகல்.

அதுகூடப் பரவாயில்லை, இரும்பு இரும்போடு போகட்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றப் போனபோதுதான் உண்மையில் வயிறு கலங்கியது. எஞ்சின் வாங்கின பில்லும் அது நாட்டுக்குள் வந்ததற்கான சுங்கக் கடதாசியும் வேண்டும் என்று தெரிந்துதான் பாஸிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். கொடுத்தது ஒரு கைப்பில்லும் ஒரு போட்டோக் கொப்பியும். கவுண்டரில் இருந்தவர் கொப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நம்பரில் கடைசி இரண்டு இலக்கமும் மற்றவற்றைவிடக் கறுப்பு. "இத எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாகவே திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பிளொக்கில் நம்பர் குத்தின இடத்தை வயர் பிரஷால் தேய்த்து, டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரிகிறது: அந்த இடம் மட்டும் தேய்த்துப் பள்ளமாகி, மேலே புதிதாக இலக்கங்கள். ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினாற்போல். அது எங்கேயிருந்து வந்த எஞ்சினோ, கடவுளுக்கே வெளிச்சம். ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் போனட்டைத் திறந்தால் நான் என்ன சொல்வேன்? அன்றிலிருந்து வண்டி ரோட்டுக்கு இறங்கவில்லை.

சரி, பழைய எஞ்சினையே திரும்ப மாட்டினால் புத்தகத்து நம்பர் சரியாக இருக்குமே என்று பாஸிடம் போனேன். கழற்றின எஞ்சினைத் திருப்பித் தருவதாகத்தான் பேச்சு. "அதா? அத அப்பவே இரும்புக்குப் போட்டாச்சே தம்பி, இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடந்துச்சு" என்றார், உடைந்த நாற்காலியைப் பற்றிப் பேசுவது மாதிரி. அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஏமாந்த காசுக்கு வரவில்லை.

பொலிசில் முறைப்பாடு போட்டேன். மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். அங்கே வைத்து, மாதம் ஐம்பதாயிரம் வீதம் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார். பில் இல்லாத எனக்குக் கை கொடுத்தது வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பியிருந்த குரல் பதிவுகள்தான், அதில் தொகை சொல்லியிருக்கிறார். முதல் ஐம்பதாயிரம் வந்தது. பிறகு போன் ஓஃப்.

ஆகவே வண்டியைக் கராஜில் விடப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெல்டிங் முடிந்ததும் ரெட் ஒக்சைட் என்கிற சிவப்பு அடிப்பூச்சு மட்டும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் தட்டிப் பார்க்கும்வரை கறுப்புப் படக்கூடாது. வெட்டியெடுத்த துருத் துண்டுகளை ஒரு உரப்பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பை காலி என்றால் வேலையும் காலி. எஞ்சினைக் கியர்பொக்ஸோடு சேர்ப்பதற்கு முன்னால், தரையில் இருக்கும்போதே, நம்பரையும் சுங்கக் கடதாசியையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழற்றின எஞ்சினை அன்றைக்கே லொறி பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், லொறிக்கூலி என் கண்ணீரைவிட மலிவு.

இப்போது வண்டி கொட்டிலில் நான்கு மரக்கட்டை மேல் நிற்கிறது. கொட்டகலைப் பக்கத்து வெல்டிங்காரத் தம்பி ஒருவர் ஞாயிறுகளில் வந்து, என் கண் முன்னாலேயே அறுத்து அறுத்துப் புதுத் தகடு போடுகிறார். பை நிரம்பிக்கொண்டிருக்கிறது.

பழைய எஞ்சின் இரும்புக்குப் போயிருக்காது என்பது என் கணிப்பு. ஓடுகிற லேண்ட் ரோவர் டீசலை யாரும் கிலோவுக்கு விற்க மாட்டார்கள். யாராவது உங்களுக்கு ஒரு 2286 சிசி டீசல் கொண்டுவந்து காட்டினால், எஞ்சின் தலைமேல் இருக்கும் மூடியை, டெப்பட் கவரை, பாருங்கள். முன் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு நசுங்கல் இருக்கும், மஸ்கெலியா ஏற்றத்தில் அப்பாவின் ஸ்பேனர் கைதவறி விழுந்த இடம். நீலப் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரியும். பார்த்தால் விலை பேசி வையுங்கள், காசோடு நான் வருகிறேன்.