சூரிய வெப்பம்: சொந்தமாகப் போடுவதா, யூனிட் கணக்கில் வாங்குவதா?

கூரையில் சூரிய மின்தகடு போடக் கடன் கேட்டால் வங்கிக்காரர் சட்டென்று புரிந்துகொள்கிறார். அதே கூரையில் வெந்நீருக்கோ நீராவிக்கோ கலெக்டர், அதாவது வெயிலை வாங்கித் தன்னுள் ஓடும் திரவத்தைச் சூடாக்கும் கருவி, வைக்கப் போகிறோம் என்றால் இழுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மின்சாரம் மிஞ்சினால் கிரிட்டுக்கு விடலாம். வெப்பம் மிஞ்சினால் வாங்க ஆளில்லை. ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தால் அந்த வாரத்து வெயில் வீண்தான். போதாக்குறைக்கு, கலெக்டருக்குள் தேங்கும் திரவம் கொதித்து, குழாய்க்கும் சீலுக்கும் கேடு செய்யும். கடனை வாங்கியவர் கட்டாமல் போனாலும், கூரையோடு முடுக்கிய கலெக்டரையும் குழாயையும் கழற்றி விற்றுக் காசாக்குவது கடினம்.

அதனால் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் வட்டி விகிதத்துக்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: வெப்பத் தேவை குறைந்தால் நட்டம் யார் தலையில் விழும்?

சொந்தப் பணத்திலோ வங்கிக் கடனிலோ போட்டால், சந்தேகமே இல்லை, உங்கள் தலையில்தான். பதிலுக்கு மிச்சமும் முழுக்க உங்களுக்கே. கடன் அடைந்த பிறகு பராமரிப்புச் செலவைத் தவிர வேறெதுவும் கிடையாது. நன்றாகக் கவனித்தால் 20 ஆண்டுக்கு மேலும் ஓடும். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கலெக்டர் ஆண்டுக்கு 500 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர மீட்டருக்கு 5 லட்சம் யூனிட். பாய்லரின் திறன் 80 சதவீதம் என்றால், எரிக்காமல் மிச்சமாவது 6.25 லட்சம் யூனிட் அளவு எரிபொருள். இந்த இடத்தில் பலர் ஆசைப்பட்டு இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறார்கள்: பாய்லரின் செலவு. அது மிச்சமாகாது. மழை நாளுக்கும் இரவுக்கும் பாய்லர் வேண்டும், அதை ஓட்ட ஆளும் வேண்டும். எரிபொருள் மட்டும்தான் குறையும்.

சிக்கல் என்னவென்றால், உற்பத்தி செய்கிற நிறுவனத்துக்குப் பணம் போட வேறு இடங்கள் உண்டு. மூன்றே வருடத்தில் போட்டதை எடுத்துத் தரும் புது இயந்திரம் பக்கத்தில் நிற்கும்போது, எட்டு, பத்து வருடம் கேட்கும் கலெக்டர் வரிசையில் பின்னால் போய்விடும். வெப்பத்தை யூனிட் கணக்கில் விற்கும் எஸ்கோ (ESCO, எரிசக்திச் சேவை) நிறுவனங்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். முதலீடு, கட்டுமானம், பராமரிப்பு எல்லாம் அவர்களுடையது. நீங்கள் மீட்டரைப் பார்த்துக் காசு கொடுத்தால் போதும்.

பெரிய திட்டங்களில் இது நடந்து காட்டியிருக்கிறது. ஸ்பெயினின் செவில்லில் ஹைனெக்கன் பீர் ஆலைக்கு 2023இல் எஞ்சி நிறுவனம் 30 மெகாவாட் வெப்ப நிலையம் கட்டி, 20 ஆண்டு ஒப்பந்தத்தில் வெப்பம் தருகிறது. சிலியின் பாலைவனத்தில் காப்ரியேலா மிஸ்ட்ரால் செப்புச் சுரங்கத்துக்கு 2013 முதல் சுமார் 39,000 சதுர மீட்டர் கலெக்டர்கள், டீசலுக்குப் பதிலாக. செம்பைப் பிரிக்கும் கரைசலை வருடம் முழுக்கச் சூடாக வைக்க வேண்டும், வெயிலுக்கும் குறைவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் யார்தான் முதலீடு செய்யமாட்டார்கள்!

மற்றவர்களுக்கு ஒப்பந்தத்தின் வரிகள்தான் எல்லாம். முதலில் குறைந்தபட்சக் கொள்முதல். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இத்தனை யூனிட்டுக்குப் பணம் உண்டு என்று எழுதியிருந்தால், தேவை குறையும் ஆபத்து சத்தமில்லாமல் உங்களிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த வரி இல்லாமல் எஸ்கோவுக்கும் வங்கி கடன் தராது என்பதையும் சொல்ல வேண்டும். பேரம் பேச வேண்டியது அந்த அளவைத்தான். அப்புறம் விலைச் சூத்திரம். எரிவாயு விலையிலிருந்து இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றால், எரிவாயு மலிந்தால் அடி விற்பவருக்கு. ஆண்டுக்கு இவ்வளவு உயரும் என்று நிலையாக வைத்தால், அதே அடி உங்களுக்கு. ஒப்பிடும்போது எரிபொருள் விலையை அப்படியே வைக்காதீர்கள். பாய்லர் திறனால் வகுத்த பிறகு வைக்க வேண்டும். மீட்டர் எங்கே என்பதும் சின்ன விஷயமில்லை. கலெக்டர் பக்கம் இருந்தால், தொட்டியிலும் குழாயிலும் வீணாகும் சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இத்தனை வரிகளுக்கும் வக்கீல், ஆய்வு, தணிக்கை என்று செலவு உண்டு. அது பெரிய திட்டத்துக்கும் சிறியதுக்கும் ஏறத்தாழ ஒன்றே. சில நூறு சதுர மீட்டருக்கு எஸ்கோ கட்டுப்படியாகாது.

குத்தகை பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாதத் தவணை நிலையானது, வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும். கடனுக்குத் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் மிச்சத்தை முதலீடு போட்டவரும் ஆலையும் பங்கு போடும் மாதிரியில் எனக்கு நம்பிக்கை குறைவு. மிச்சம் என்பது மீட்டரில் தெரிவதல்ல. ‘கலெக்டர் இல்லாதிருந்தால் எவ்வளவு எரித்திருப்போம்’ என்ற ஊகம். உற்பத்தி கூடினாலோ குறைந்தாலோ அந்த ஊகத்தை வைத்தே சண்டை வரும்.

வீடுகளின் கதை வேறு. துனிசியாவில் 2005இல் தொடங்கிய ப்ரோசோல் திட்டம், வெந்நீர் அமைப்புக்கான கடன் தவணையை மின்கட்டண பில்லோடு சேர்த்து வசூலித்தது. வீடு வீடாகப் பிணை கேட்கத் தேவையில்லை. பில் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டென்மார்க்கில் இன்னொரு வழி. அங்கே பல ஊர்களில் ஓரிடத்தில் சூடாக்கிய நீர் குழாய் வழியே வீடு வீடாகப் போகிறது; இந்த வெப்ப விநியோகம் நுகர்வோர் கூட்டுறவு அல்லது நகராட்சியின் கையில். வெப்பத்தை வாங்குபவரே உரிமையாளர், அதனால் லாபம் வைக்க வேண்டிய அவசியமில்லை. நகராட்சி உத்தரவாதம் இருப்பதால் நீண்ட காலக் கடனும் மலிவு. சில்கெபோர்க்கில் 2016இல் முடிந்த 1,56,694 சதுர மீட்டர் நிலையம் இப்படி வந்ததுதான். நட்டம் யாருக்கு என்ற கேள்வி அங்கே ஊர் முழுக்கப் பரவி, ஒருவருக்கும் கனக்காமல் போகிறது.

மானியமும் இரண்டு விதம். பிரான்சில் 2009 முதல் இருக்கும் வெப்ப நிதி முதலீட்டுக்குக் கைகொடுக்கிறது. கடன் அளவே குறையும். பிரிட்டனில் தொழில் நிறுவனங்களுக்கு 2011இல் வந்து 2021இல் புதியவர்களுக்கு மூடப்பட்ட திட்டமோ, தயாரித்த யூனிட்டுக்குப் பணம் தந்தது. முதல் வகையில் கலெக்டர் நின்றுபோனாலும் மானியம் வந்தாயிற்று. இரண்டாவதில் ஓடினால்தான் காசு, ஆனால் தொடக்கச் செலவுக்கு வேறெங்காவது கை நீட்ட வேண்டும். எஸ்கோவிடம் வாங்கும்போது மானியம் போவது முதலீட்டாளருக்கு. அது யூனிட் விலையில் எத்தனை குறைவாக வருகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.