பாரலாச்சா லாவில் விரல் மரத்தபோது: ஹிமாலயன் 411 ஓட்டிய அனுபவம்

நாமக்கல்லில் பதினெட்டு வருடமாக லாரிகளுக்கு டீசல் பம்ப் வேலை பார்க்கிறேன். எந்த வண்டியில் ஏறினாலும் என் காது முதலில் இன்ஜினுக்குத்தான் போகும். போன ஜூலையில் மணாலியில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை வாடகைக்கு எடுத்து லடாக்கிலுள்ள லே வரை ஓட்டினேன். கம்பெனி இதை நிறுத்திவிட்டு ஹிமாலயன் 450-ஐக் கொண்டுவந்துவிட்டது, சரி. ஆனால் பழைய வண்டியாக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ யோசிப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

199 கிலோ எடைக்கு 24.3 குதிரைத்திறன். வேகம் தேடுபவர்களுக்கான வண்டி இல்லை. மலை ஏறத் தொடங்கியதும்தான் அதன் குணம் தெரிகிறது.

அடல் சுரங்கத்துக்குள் நுழையும்போது தூறல். 9 கிலோமீட்டர் தாண்டி வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கில் சுள்ளென்ற வெயில். தாண்டி என்ற ஊரிலுள்ள பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு இரவு ஜிஸ்பாவில் தங்கினேன். மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். பனி உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடும் நாலாக்களில் காலையில்தான் தண்ணீர் குறைவு, வெயில் ஏற ஏறப் பெருகிவிடும். தண்ணீருக்கடியில் எல்லாம் உருண்டைக் கல். முதல் கியரில் போட்டு, கண்ணை எதிர்க்கரையில் வைத்தால் போதும், 21 அங்குல முன்சக்கரம் கல்மேல் ஏறி இறங்கித் தானாகப் போய்விடுகிறது.

சூரஜ் தால் ஏரியைப் பார்க்கும்போது நல்ல வெயில். போட்டோ எடுத்து போனை உள்ளே வைப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மழையும் பனியும் கலந்து, ஹெல்மெட் கண்ணாடியில் கல்லுப்பு கொட்டுவதுபோல் விழுந்தது. தண்ணீரே புகாது என்று சொல்லி விற்ற என் கையுறை பத்து நிமிடம் தாங்கவில்லை. கிளட்ச் லீவரில் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பயந்துவிட்டேன்.

இந்த வண்டியை நான் மெச்சுவது அடுத்த அரை மணி நேரத்துக்காக. இதன் முழு இழுவையும் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. இரண்டாம் கியரில் விட்டுவிட்டு கிளட்சையே தொடாமல் பாரலாச்சா லா கணவாயைக் கடந்தேன். ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் மூச்சு எனக்குத்தான் வாங்கியது, இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது.

கணவாய்க்கு அப்பால் பரத்பூர் கூடாரக் கடையில் நுழைந்ததும் கையை அடுப்புக்கு நீட்டினேன். கடை அக்கா சட்டென்று பிடித்து இழுத்துவிட்டார். "பையா, அடுப்பு வேண்டாம், டம்ளரைப் பிடிங்க." மரத்த கைக்குச் சூடு தெரியாதாம், தோல் வெந்த பிறகுதான் தெரியுமாம். அப்புறம் என் பையிலிருந்த காய்ந்த கம்பளிக் கையுறையைப் போடச் சொல்லி, மேலே பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டார். லே வரை அதுதான் என் கையைக் காப்பாற்றியது. நீங்கள் போனால் கம்பளிக்கு மேலே போட, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5,328 மீட்டர் உயரத் தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரும்புகை தள்ளும், பிளக் கரியாகும். இதிலுள்ள எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. புகையும் இல்லை, திணறலும் இல்லை. ஆனால் இல்லாத காற்றை எந்தக் கருவியும் உண்டாக்கித் தராது. ஏற்றத்தில் லாரியை முந்தப் பார்க்காதீர்கள், பின்னாலேயே போங்கள்.

எனக்கு லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுத்தது. டேங்க் 15 லிட்டர். தாண்டியிலிருந்து லே சுமார் 365 கிலோமீட்டர், கட்டிக்கொண்டுபோன ஐந்து லிட்டர் கேனைத் திறக்கவே இல்லை.

வாடகைக்கு எடுக்கும்போது பிரேக் பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்பளி, ரப்பர் இரண்டு கையுறையையும் போட்டுக்கொண்டு, கடை வாசலிலேயே கிளட்சை இருபது முறை அமுக்கிப் பாருங்கள். லீவர் எட்டவில்லை என்றால் அங்கேயே சரிசெய்து வாங்குங்கள்.